16,671 காவல் நிலையங்களில் நல்ல ஸ்டேஷன் எது?

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளை மட்டும் நீக்கியிருக்கிறேன். பேச்சு நடை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

வழக்கமா இங்க சாஃப்ட்வேர், வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு போலீஸ் ஸ்டேஷன் பத்திப் பேசப்போறோம். பயப்படாதீங்க, கிரைம் கதை இல்ல. ஒரு காவல் நிலையம் நல்லா வேலை செய்யுதா இல்லையான்னு எப்படி அளக்கிறாங்க? யாருக்கு விருது குடுக்கிறாங்க? அந்த அளவுகோல் சரியா இல்லைன்னா நமக்கு என்ன ஆகும்? இந்த மூணு கேள்விதான்.

இதை ஏன் ஒரு இன்ஜினியர் பேசணும்னு கேக்கலாம். காரணம் எளிமையானது. இது அடிப்படையில் அளவீட்டுப் பிரச்சினை. மெட்ரிக், டேஷ்போர்டு, ஆடிட் இதெல்லாம் நம்ம தினசரி சாப்பாடு. அதே விஷயம் ஸ்டேஷன் வாசல்ல எப்படி இருக்குன்னு பார்க்கலாம்.

ரேங்கிங் எப்படிப் போடறாங்க?

இந்தியாவுல மத்திய உள்துறை அமைச்சகம் வருஷாவருஷம் சிறந்த 10 காவல் நிலையங்களின் பட்டியல் வெளியிடுது. 2015-ல் குஜராத்தின் கட்ச் பகுதியில் நடந்த டி.ஜி.பி.க்கள் மாநாட்டில், ஸ்டேஷன்களைத் தரம் பிரிக்க அளவுகோல் வேணும்னு பிரதமர் சொன்னதுதான் இதுக்குத் தொடக்கம்.

தமிழ்நாட்டுக்கு இதுல நல்ல பேர் உண்டு. 2017-ம் ஆண்டுக்கான பட்டியல்ல கோயம்புத்தூர் ஆர்.எஸ். புரம் காவல் நிலையம் முதலிடம். 2020-ல் மணிப்பூரின் நோங்போக் செக்மாய் முதலிடம், சேலம் சூரமங்கலம் அனைத்து மகளிர் காவல் நிலையம் இரண்டாமிடம். இந்தியாவுல மகளிர் காவல் நிலையங்களைப் பரவலாக்கியதில் முன்னோடி மாநிலம் நம்மது. சென்னை ஆயிரம் விளக்குல முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கினது 1992-ல். அதனால சேலத்துக்குக் கிடைச்ச இடம் பல பேருக்குப் பெருமையா இருந்தது. இருக்கவும் வேண்டியதுதான்.

2020 பட்டியல் எப்படித் தயாராச்சுன்னு பார்த்தா முறை புரிஞ்சிடும். நாட்டில் இருந்த 16,671 ஸ்டேஷன்களை முதல்ல டேட்டாவை வச்சு வடிகட்டினாங்க. சொத்து தொடர்பான குற்றங்கள், பெண்களுக்கு எதிரான குற்றங்கள், நலிந்த பிரிவினருக்கு எதிரான குற்றங்கள், காணாமல் போனவர்கள், அடையாளம் தெரியாத உடல்கள், இதையெல்லாம் ஸ்டேஷன் எப்படிக் கையாளுதுன்னு பார்த்தாங்க. கடைசிச் சுற்றில் 19 அளவுகோல்கள். மொத்த மதிப்பெண்ணில் 80 சதவீதம் அதுக்கு. மீதி 20 சதவீதம் ஸ்டேஷனின் கட்டட வசதி, காவலர்கள் பொதுமக்கள்கிட்ட எப்படி நடந்துக்கறாங்க, மக்கள் கருத்து, இதுக்கெல்லாம்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு இன்ஜினியருக்கு உடனே வர்ற கேள்வி: முதல் சுற்று டேட்டா எங்கிருந்து வருது?

டேட்டா யார் கையில?

சி.சி.டி.என்.எஸ்.னு ஒரு சிஸ்டம் இருக்கு. நாட்டில் உள்ள காவல் நிலையங்களை ஒரே வலைப்பின்னலில் இணைக்கற திட்டம், 2009-ல் ஒப்புதல் ஆனது. எஃப்.ஐ.ஆர்., கைது, குற்றப்பத்திரிகை எல்லாம் இதில் பதிவாகும். பதிவு பண்றது யாரு? அதே ஸ்டேஷன். பெரும்பாலும் ஸ்டேஷன் ரைட்டர், இல்லைன்னா கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரு காவலர்.

அதாவது, மார்க் வாங்கப்போற ஆளே விடைத்தாளையும் பாதி திருத்தறார். அவர் கெட்டவர்னு நான் சொல்லல. ஆனா சிஸ்டம் அந்த இடத்தில் பலவீனமா இருக்கு.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில, வாடிக்கையாளர் புகார் டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள்ள மூடணும்னு ஒரு இலக்கு வச்சாங்க. ரெண்டே மாசத்துல டேஷ்போர்டு பச்சைப் பசேல்னு ஆயிடுச்சு. வாடிக்கையாளர் கோபம் மட்டும் குறையல. என்ன நடந்ததுன்னா, 23-வது மணி நேரத்துல டிக்கெட்டை மூடிட்டு, "பிரச்சினை இன்னும் இருந்தா புது டிக்கெட் போடுங்க"ன்னு சப்போர்ட் டீம் மெயில் அனுப்பிட்டு இருந்தாங்க. இதுக்கு குட்ஹார்ட் விதின்னு பேர் உண்டு. ஒரு அளவீடே இலக்கா மாறிட்டா, அது நல்ல அளவீடா இருக்கற தகுதியை இழந்துடும்.

ஸ்டேஷன்ல இதோட வடிவம் என்ன தெரியுமா? வழக்கே பதியாம இருக்கறது. திருட்டு குறையணும்னா ரெண்டு வழி. ஒண்ணு, ராத்திரி ரோந்து போய், பழைய குற்றவாளிகளைக் கண்காணிச்சு, உண்மையிலேயே திருட்டைக் குறைக்கறது. இன்னொண்ணு, புகார் குடுக்க வர்றவரைப் பார்த்து "போனை எங்கயாவது மறந்து வச்சிருப்பீங்க, நல்லா தேடிப் பாருங்க தம்பி"ன்னு அனுப்பிடறது. முதல் வழிக்கு ஒரு வருஷம் ஆகும். ரெண்டாவதுக்கு ரெண்டு நிமிஷம் போதும்.

தமிழ்நாட்டில் இதுக்கு நடுவுல இன்னொரு காகிதமும் இருக்கு, சி.எஸ்.ஆர். ரசீது. சமுதாயப் பணிப் பதிவேடுன்னு சொல்வாங்க. புகார் வந்ததுக்கான ஒப்புகை அது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். கிடையாது. ஆனா ரசீது கையில கிடைச்சதும் பல பேர் கேஸ் போட்டாச்சுன்னு நினைச்சு வீட்டுக்குப் போயிடறாங்க. பைக் திருடு போய் இன்சூரன்ஸ் கேக்கும்போதுதான் எஃப்.ஐ.ஆர். எங்கேன்னு கேள்வி வரும்.

இதுல சட்டம் தெளிவா இருக்கு. 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கைது செய்யத்தக்க குற்றம்னு புகாரிலேயே தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு சொல்லிடுச்சு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-வது பிரிவும் அதைத்தான் சொல்லுது. மூணு வருஷத்திலிருந்து ஏழு வருஷத்துக்குக் குறைவா தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோட 14 நாளுக்குள்ள முதல்கட்ட விசாரணை நடத்தலாம்னு ஒரு விலக்கு இருக்கு.

சட்டம் தெளிவா இருந்தும் ஏன் தயங்கறாங்க? ஏன்னா எண்ணிக்கை ஏறினா மேல இருந்து கேள்வி வரும். "உங்க லிமிட்ல ஏன் இத்தனை திருட்டு?"ன்னு மாதாந்திர கிரைம் மீட்டிங்ல இன்ஸ்பெக்டர்தான் எழுந்து நின்னு பதில் சொல்லணும். எல்லா புகாரையும் நேர்மையா பதியற இன்ஸ்பெக்டர் மோசமானவராகவும், பாதியைத் திருப்பி அனுப்பறவர் திறமைசாலியாகவும் தெரிவாங்க. தேசிய குற்ற ஆவணக் காப்பகமே தன் வருடாந்திர அறிக்கையில, குற்றம் கூடறதும் குற்றப்பதிவு கூடறதும் ஒண்ணு இல்லைன்னு எச்சரிக்குது. ஆனா டி.வி. விவாதத்துல அந்த எச்சரிக்கையை யாரும் படிக்கறதில்ல.

நம்ம ஊர்ல மட்டுமா?

இல்ல. நியூயார்க் போலீஸ் 1994-ல் காம்ப்ஸ்டாட்னு ஒரு முறையைக் கொண்டு வந்தாங்க. ஒவ்வொரு பகுதி அதிகாரியும் தன் ஏரியா குற்ற எண்ணிக்கைக்கு மேலதிகாரிகள் முன்னாடி பதில் சொல்லணும். உலகம் முழுக்க இதைப் பாராட்டினாங்க. பிறகு புரூக்ளினில் ஒரு காவலர் தன் ஸ்டேஷன்ல நடந்த பேச்சுகளை ரகசியமா ஒலிப்பதிவு பண்ணினார். புகார்களைப் பதியாம விடறதும், பெரிய குற்றத்தைச் சின்னதா எழுதறதும் வெளிய வந்துச்சு. 2010-ல் அந்தப் பதிவுகள் பத்திரிகையில் வந்தப்ப பெரிய பரபரப்பு.

இங்கிலாந்து கதைதான் எனக்கு அதிகம் பிடிச்சது, ஏன்னா அவங்க அதைச் சரி பண்ணவும் செஞ்சாங்க. 2014-ல் காவல்துறை ஆய்வு அமைப்பு ஒரு ஆடிட் நடத்துச்சு. முடிவு என்னன்னா, போலீசுக்குச் சொல்லப்பட்ட குற்றங்கள்ல 19 சதவீதம் பதிவாகவே இல்ல. வன்முறைக் குற்றங்கள்ல 33 சதவீதம், பாலியல் குற்றங்கள்ல 26 சதவீதம். நாலுல ஒரு பெண் தைரியத்தைத் திரட்டிப் போய்ச் சொன்னது கணக்கிலேயே வரலைன்னு அர்த்தம். அந்த வருஷம் போலீஸ் குற்றப்பதிவு எண்களுக்கு இருந்த "தேசியப் புள்ளிவிவரம்"ங்கற தர முத்திரையையே எடுத்துட்டாங்க.

அவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்கங்கறதைக் கவனிங்க. ஸ்டேஷன் குடுத்த குற்றப் பட்டியலை அவங்க நம்பல. மக்கள் போன் பண்ணின அழைப்புப் பதிவுகளை எடுத்து, இந்த அழைப்பு கடைசியில வழக்கா பதிவாச்சான்னு ஒவ்வொண்ணா தேடினாங்க. நம்ம மொழியில சொன்னா எண்ட்-டு-எண்ட் டெஸ்ட். உள்ள போன இன்புட்டையும் வெளிய வந்த அவுட்புட்டையும் ஒப்பிடறது. அளக்கப்படறவர் கைவைக்க முடியாத இடத்திலிருந்து டேட்டாவை எடுக்கறது. அதுக்கப்புறம் ஒவ்வொரு காவல் படைக்கும் இப்படி ஆடிட் பண்ணி, மிகச் சிறப்பு, நன்று, மேம்பட வேண்டும், போதாதுன்னு தரம் போட்டு வெளியிட்டாங்க. சில வருஷத்துல பதிவு விகிதம் 90 சதவீதத்துக்கு மேல போச்சு.

அமெரிக்கா வேற மாதிரி. அங்க சுமார் 18,000 தனித்தனி காவல் அமைப்புகள் இருக்கு. நகரத்துக்கு ஒண்ணு, கவுண்டிக்கு ஒண்ணு, சில பல்கலைக்கழகத்துக்கே தனியா ஒண்ணு. எல்லாத்துக்கும் பொதுவான தரம் வேணும்னு 1979-ல் நாலு போலீஸ் தலைமைச் சங்கங்கள் சேர்ந்து காலியா-ன்னு ஒரு அங்கீகார ஆணையம் அமைச்சாங்க. நம்ம ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் மாதிரி நினைச்சுக்கங்க. முழு அங்கீகாரத்துக்கு 400-க்கும் மேற்பட்ட தர விதிகள். துப்பாக்கி எப்ப எடுக்கலாம், சாட்சிப் பொருளை எப்படிப் பூட்டி வைக்கணும், புகார் வந்தா யார் விசாரிக்கணும், எல்லாத்துக்கும் எழுதப்பட்ட நடைமுறை வேணும். அதைக் கடைப்பிடிச்சதுக்கு ஆதாரமும் வேணும். வேற ஊர் அனுபவசாலிகள் வந்து சரிபார்ப்பாங்க.

இதுல நல்லது இருக்கு. எழுதப்படாத பழக்கம் எழுதப்பட்ட விதியா மாறுது. குறையும் இருக்கு. சேர்றதும் சேராததும் அந்தந்த அமைப்போட விருப்பம். இன்னொண்ணு, விதி இருக்கா, ஃபைல் இருக்கான்னு சரிபார்க்கறது சுலபம். ராத்திரி 11 மணிக்கு ஸ்டேஷனுக்குள்ள ஒரு ஏழையை எப்படி நடத்தறாங்கன்னு சரிபார்க்கறது ரொம்பக் கஷ்டம். ஆடிட் நாள்ல எல்லாரும் ஒழுங்காத்தான் இருப்பாங்க. செக்யூரிட்டி ஆடிட் வர்ற வாரம் நம்ம ஆபீஸ் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா?

2020: ஒரே வருஷம், ரெண்டு ஸ்டேஷன்

சூரமங்கலம் இரண்டாமிடம் வாங்கின அதே 2020-ல், ஜூன் மாசம், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஊரடங்கு நேரம் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வச்சிருந்ததா சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் கொண்டு போனாங்க. சில நாள்ல ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானா முன்வந்து வழக்கை எடுத்துச்சு. ஸ்டேஷனையே வருவாய்த் துறை கட்டுப்பாட்டில் கொண்டு வரச் சொல்லுச்சு. பிறகு சி.பி.ஐ. விசாரிச்சு காவல்துறையினர் மேல குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணினாங்க.

விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில எழுதின ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் தூங்க விடல. ஸ்டேஷன்ல சி.சி.டி.வி. இருந்தது. ஹார்ட் டிஸ்க் 1 டி.பி. இருந்தது. ஆனா தினமும் பதிவு தானா அழியற மாதிரி செட்டிங் வச்சிருந்தாங்க. யோசிச்சுப் பாருங்க. "சி.சி.டி.வி. இருக்கிறதா?"ன்னு ஒரு படிவத்துல கேட்டா, பதில் ஆம். டிக். உள்கட்டமைப்புக்கு மார்க். கேமரா இருக்கான்னு கேக்கறது தப்பான கேள்வி. "போன மாசம் 19-ம் தேதி ராத்திரி பதிவைக் காட்டுங்க"ங்கறதுதான் சரியான கேள்வி. பேக்கப் இருக்கான்னு நாம கேக்கறதில்லையே, ரீஸ்டோர் பண்ணிக் காட்டுன்னுதானே கேக்கறோம்.

அந்த வருஷம் டிசம்பர் 2-ம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா காவல் நிலையத்திலும் லாக்கப், வராண்டா, வாசல் உட்பட கேமரா வேணும், பதிவை 18 மாசம் வச்சிருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. பொருளை விட்டுட்டு, அது தர்ற பலனைக் கேக்கற தர விதி இது. சிறந்த ஸ்டேஷன் பட்டியல் வந்ததும் அதே வாரம்தான்.

தலைமைன்னா யாரு?

இப்ப விருது பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் பொங்கலுக்கு முதலமைச்சரின் காவல் பதக்கம், செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளுக்கு அண்ணா பதக்கம், குடியரசு தினத்துக்குச் சிறந்த காவல் நிலையத்துக்கான கோப்பை, மதுவிலக்குப் பணிக்குக் காந்தியடிகள் காவலர் பதக்கம்னு நிறைய உண்டு. மத்திய அரசு அளவுல குடியரசுத் தலைவர் பதக்கங்கள். 2018-ல் புலன்விசாரணையில் சிறந்து விளங்கறவங்களுக்குன்னே உள்துறை அமைச்சர் பதக்கம் ஒண்ணு கொண்டு வந்தாங்க. பொறுமையா சாட்சி சேர்த்து, கோர்ட்டுல நிக்கற மாதிரி குற்றப்பத்திரிகை எழுதறதும் வீரத்துக்குச் சமமான திறமைதான்னு ஒத்துக்கிட்ட மாதிரி அது.

விருது வெறும் அலங்காரம் இல்லைங்கறதுக்கு நல்ல உதாரணம் 2014-ல் பி.யு.சி.எல். வழக்கு. என்கவுன்டர் சாவுகள் பற்றி உச்ச நீதிமன்றம் போட்ட வழிமுறைகள்ல ஒண்ணு: சம்பவம் நடந்த கையோட முறை தவறிய பதவி உயர்வோ வீரப் பதக்கமோ குடுக்கக் கூடாது. வீரம் சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபணம் ஆன பிறகுதான். ஏன் இப்படி? எதுக்குப் பரிசு குடுக்கறோமோ அது பெருகும். துப்பாக்கிச் சூட்டுக்கு உடனே பதக்கம்னா துப்பாக்கிச் சூடு பெருகும். கோர்ட்டுக்கு இந்த ஊக்கத்தொகைக் கணக்கு நல்லாப் புரிஞ்சிருக்கு.

அப்போ எதுக்குப் பரிசு குடுக்கணும்? சாத்தான்குளம் வழக்குல அன்னைக்கு ராத்திரி பணியில இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், ஸ்டேஷன்ல என்ன நடந்ததுன்னு மாஜிஸ்திரேட்கிட்ட சாட்சி சொன்னாங்க. வெளிய சக காவலர்கள் இருக்கும்போதே சொன்னாங்க. அவங்களுக்குப் பாதுகாப்பு குடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவு போட வேண்டி வந்துச்சு. தோள்பட்டையில நட்சத்திரம் இல்லாத ஒரு ஏட்டம்மா அந்த ஸ்டேஷனோட மரியாதையில மிச்சமிருந்ததைக் காப்பாத்தினாங்க. என்னைக் கேட்டா தலைமைப் பண்புங்கறது அதுதான். ஆனா எந்த 19 அளவுகோல்லயும் "மேலதிகாரி தப்பு பண்ணும்போது எதிர்த்துச் சொன்னவர் இருக்காரா?"ன்னு ஒரு கட்டம் இருக்காது.

இன்னொரு பக்கமும் நியாயமா சொல்லணும். ஒரு நல்ல இன்ஸ்பெக்டர் வந்து ஸ்டேஷனைச் சரி பண்ண ஆரம்பிச்சா, பலன் தெரிய நாளாகும். அதுக்குள்ள மாத்திட்டா எல்லாம் பழையபடி ஆயிடும். அதனாலதான் 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில், ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கு குறைஞ்சது ரெண்டு வருஷம் பதவிக்காலம் வேணும், போலீஸ் மேல வர்ற புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு மாசத்துக்கு ஒரு மேனேஜர் மாறற டீம்ல யார் என்ன சாதிக்க முடியும்?

நாம என்ன பண்ணலாம்?

ரேங்கிங் வேண்டாம்னு நான் சொல்லல. ஆர்.எஸ். புரமும் சூரமங்கலமும் பேர் வாங்கினதால பக்கத்து ஸ்டேஷன்ல வரவேற்பு மேசை வந்திருந்தா, நாற்காலி போட்டிருந்தா, அது நமக்கு லாபம்தான். ஆனா மூணு மாற்றம் வேணும்னு நினைக்கிறேன். ஒண்ணு, 100, 112 அழைப்புகள்லயும் சி.எஸ்.ஆர்.லயும் சீரற்ற முறையில சிலதை எடுத்து, எஃப்.ஐ.ஆர். ஆச்சான்னு வெளியாட்கள் சரிபார்க்கணும். ரெண்டு, கேமரா எண்ணிக்கையை விட்டுட்டு, கேட்ட தேதியின் பதிவு கிடைக்குதான்னு பார்க்கணும். மூணு, வழக்குப் பதிவு கூடினதுக்காக எந்த இன்ஸ்பெக்டரையும் திட்டக் கூடாது.

அதுவரைக்கும் உங்க கையில இருக்கற உரிமைகளைத் தெரிஞ்சு வச்சுக்கங்க. எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். குற்றம் எந்த ஸ்டேஷன் எல்லையில நடந்திருந்தாலும் எங்க வேணும்னாலும் புகார் குடுக்கலாம். ஆன்லைன்ல குடுத்தா மூணு நாளுக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும். ஸ்டேஷன்ல மறுத்தா எஸ்.பி.க்கு எழுத்துல அனுப்பலாம், அங்கயும் நடக்கலைன்னா மாஜிஸ்திரேட்கிட்ட போகலாம். விசாரணை எந்த அளவுல இருக்குன்னு 90 நாளுக்குள்ள உங்களுக்குச் சொல்ல வேண்டியது அவங்க கடமை, பி.என்.எஸ்.எஸ். 193-வது பிரிவு.

இதைச் சண்டை போடற குரல்ல கேக்க வேண்டாம். "சார், இது சி.எஸ்.ஆர்.தானே, எஃப்.ஐ.ஆர். எப்ப போடுவீங்க?"ன்னு மரியாதையா ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்விக்கு எரிஞ்சு விழாம, உட்கார வச்சுப் பதில் சொல்ற ஸ்டேஷன் உங்க ஊர்ல இருந்தா, பட்டியல்ல பேர் வந்தாலும் வராட்டாலும் அது நல்ல ஸ்டேஷன். அந்த அதிகாரியின் பேரைக் குறிப்பிட்டு எஸ்.பி. ஆபீசுக்கு நாலு வரி பாராட்டுக் கடிதம் எழுதுங்க. புகார் மனு குவியற மேசைக்கு அப்படி ஒரு கடிதம் போறதும் ஒரு டேட்டாதான்.

உங்க ஸ்டேஷன் அனுபவம் நல்லதோ கெட்டதோ, எழுதி அனுப்புங்க. ஆள் பேர், ஸ்டேஷன் பேர் இல்லாம அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன்.